கதவைப் பார்த்து நின்ற இன்ஜின்

ஸ்டேஷனில் நிற்கும்போது இன்ஜினின் முகம் ஜன்னல் பக்கம் இருக்க வேண்டும். அன்று காலை அது கதவுப் பக்கம் இருந்தது.

பல்லுக்காரர் டீ கிளாஸை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். பல் செட் கட்டுவது அவர் தொழில். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள்; இவர் மாடி அறையில் உட்கார்ந்து பல்லும் ஈறுமாகச் செய்து, கடைசியில் மோட்டாரில் மெருகேற்றி, சூட்டோடு சூடாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். அறையின் மறுபாதியில், வேலை மேசையை ஒட்டிப் போட்ட அகலப் பலகையில், அவருடைய ரயில்வே இருந்தது. நீள்வட்டமாக ஒரு பாதை. முன்னால் ஸ்டேஷன். பின்னால் மிச்சமான பல் மாவில் கட்டிய மலை. மலையின் இடது வாய்க்குள் நுழையும் வண்டி வலது வாய் வழியாக வெளியே வரும். நிஜத்தில் எங்கும் ஓடாமல் போய்விட்ட ஒரு கரி இன்ஜினின் தகர வார்ப்பு, பின்னால் மூன்று பெட்டிகள்.

வட்டப் பாதையில் வண்டி எத்தனை சுற்று சுற்றினாலும் முகம் மாறாது. இன்ஜினைத் திருப்பும் சுழல்மேடை அவரிடம் கிடையாது. ஆகவே ஒரு கை அதைத் தூக்கித் திருப்பி வைத்திருக்கிறது. அதுவும் சும்மா அல்ல. மூன்று பெட்டிகளையும் கழற்றி, திருப்பி, அதே வரிசையில் மாட்டியிருக்கிறது. விளையாட்டுக்குத் தொட்டவன் இப்படிச் செய்யமாட்டான். தடயம் தெரியக்கூடாது என்று நினைப்பவன்தான் செய்வான்.

வீட்டில் மூன்று பேர். மனைவி ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் வேலை பார்க்கிறாள். மாடித் தூசி பட்டால் தும்மல் வரும் என்று படியேறுவதே இல்லை. மிச்சம், அவளுடைய தம்பி.

மச்சினன் வேன் டிரைவர். வேலை பார்த்த கூரியர் கம்பெனியை மூடிவிட்டதால் அக்கா வீட்டுக்கு வந்து தங்கியிருந்தான். வாய் ஓயாது. "யாருமே ஏறாத வண்டி, யாருமே இறங்காத ஸ்டேஷன். ஆனா டைமுக்கு மட்டும் கரெக்டா வருது பாருங்க அத்தான்" என்பான். பல்லுக்காரரும் சிரிப்பார். அந்தக் காலையோடு சிரிப்பு நின்றது.

"மாப்ளே, நேத்து நான் வெளிய போனப்ப மாடிக்குப் போனியா?"

"துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனேன். ஏன் அத்தான்?"

"இன்ஜினைத் தொட்டியா?"

"நானா? சத்தியமா இல்ல. உங்க இன்ஜினைத் தொட்டா நீங்க எனக்கே பல் செட் கட்டவேண்டி வருமே!"

அவன் சிரித்த விதம் பல்லுக்காரருக்குப் பிடிக்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் ஒரு வார்த்தை, மீதியெல்லாம் வேடிக்கை. வேடிக்கை எதற்கு?

இது வெறும் பொம்மை விவகாரம் என்று விட்டுவிட முடியாதபடி அதே வாரம் ஒரு போன் வந்தது. பல் சாமான் டிப்போ முதலாளிக்கு ஒரு டிரைவர் தேவை. பல்லுக்காரர் மாவும் பவுடரும் வாங்குவது அவரிடம்தான். "உங்க மச்சினன் சும்மா இருக்கார்னு கேள்விப்பட்டேன். ஸ்டோர் சாவியே அவர் கையிலதான் இருக்கும் சார். நீங்க நம்பலாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, திங்கக்கிழமையே சேர்த்துக்கறேன்."

"யோசிச்சுச் சொல்றேன்."

"யோசிக்கணுமா?" என்றார் முதலாளி.

மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தட்டுகளை அடுக்கும் சத்தம் மட்டும் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கேட்டது.

இன்ஜின் மறுபடி திரும்பியது. பிறகு இன்னொரு முறை. எல்லாமே பல்லுக்காரர் செட் கொடுக்க வெளியே போன நாட்களில். வீட்டில் இருக்கும் நாட்களில், வேலையை விட்டுவிட்டுப் பலகை எதிரில் நாற்காலி போட்டு வண்டியை ஓடவிட்டுப் பார்த்தார். சாது மாதிரி சுற்றிச் சுற்றி வந்தது. ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் காரியம் நடக்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அவருக்கு இந்த ரயில் ஆசையில் ஒரு கூட்டாளி உண்டு. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர்; எல்லோருக்கும் அவர் 'டிக்கெட்'தான். பழைய இன்ஜின்களின் போட்டோக்களைப் பை நிறைய வைத்திருப்பார். ஏதோ ஒரு பழைய ஜங்ஷன் படத்தில் பாதைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு தண்டவாளம் போகிறது என்று காட்டி, "படத்துல இருக்கு, உங்க பலகையில இல்ல. இது சரித்திரத் துரோகம்" என்று சண்டை போட்டு, மலைக்குள்ளிருந்து ஸ்டேஷன் பக்கம் இறங்கும் ஒரு குறுக்குப் பாதையைப் போடவைத்தவரும் அவர்தான். அதில் வண்டி விடுவதில்லை. வெறும் பார்வைக்கு.

டிக்கெட் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "டிக்கெட் இல்லாதவன் ரெண்டு ரகம், பல்லுக்காரரே. ஒருத்தன் கக்கூஸ்ல ஒளிஞ்சுக்குவான். இன்னொருத்தன் நம்மகிட்டயே வந்து மணி என்ன சார்னு கேப்பான். உங்க மச்சினன் மணி கேக்கிற ரகம்."

"அன்னைக்கு என்கிட்ட, இந்தக் குறுக்குப் பாதைல வண்டி போகாதான்னு கேட்டான் சார்."

"பாத்தீங்களா! அவனுக்கு எதுக்கு அது?"

ஆமாம், அவனுக்கு எதற்கு அது? பல்லுக்காரர் வீட்டுக்குள் நடக்கும் காலடிகளைக் கவனிக்கத் தொடங்கினார். மச்சினன் போனில் தாழ்ந்த குரலில் பேசினால் பழைய இன்ஜினை வாங்க ஆள் பிடிக்கிறானோ என்று தோன்றியது. உரத்துப் பேசினால், கேட்கட்டும் என்றே பேசுகிறான் என்று தோன்றியது. கடைசியில் ஒருநாள் மாடி அறையைப் பூட்டிவிட்டே கிளம்பினார். கிளம்பும்போது வண்டி மலைக்குள் நின்றிருந்தது. திரும்பி வந்து, பூட்டைத் திறந்து, விசையைத் தட்டினார். வண்டி மலையை விட்டு வெளியே வந்தது, கதவைப் பார்த்தபடி.

பூட்டு பூட்டியபடியே இருந்தது. அந்தப் பூட்டுக்குப் போன மாதம் எண்ணெய் போட்டுச் சரிசெய்து கொடுத்தது யார்? மச்சினன்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னார்: "தொட்டதுல தப்பில்ல. மறைக்கிறதுதான் தப்பு. சாவி கையில இருக்கிற வேலைக்கு நான் வாக்குக் குடுக்கணும். அவன் ஒரு வார்த்தை, ஆமா அத்தான், நான்தான்னு சொல்லட்டும். நேர்மையான பயன்னு அப்பவே போன் பண்ணிடறேன்."

"செய்யலைன்னு சொன்னா?"

"அதைத்தானே இத்தனை நாளா சொல்றான்!"

அவள் அவரை நேராகப் பார்த்தாள். "அப்ப நீங்க கேக்கறது கேள்வி இல்லங்க. பதில்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலை மச்சினன் வந்து நின்றான். முதல் தடவையாக அவன் முகத்தில் வேடிக்கை இல்லை.

"அத்தான். நான்தான் எடுத்தேன். ஆசையா இருந்துச்சு, எடுத்துப் பாத்தேன். மன்னிச்சிருங்க."

பல்லுக்காரருக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. பெருந்தன்மை கூட வந்தது. "இதை முதல்லயே சொல்லியிருந்தா முடிஞ்சுது. சரி, பூட்டியிருந்த அன்னைக்கு எங்கேருந்து எடுத்தே?"

"ஸ்டேஷன்லருந்துதான்."

"ஸ்டேஷன்லருந்தா? பெட்டிகளை எப்படி மாட்டினே?"

"எந்தப் பெட்டி?"

போனை நோக்கி நீண்ட கை பாதியில் நின்றது. வண்டி அன்று மலைக்குள் அல்லவா நின்றது? பெட்டிகளைப் பற்றி எடுத்தவனுக்கே தெரியாதா? அப்படியானால் எடுத்தது இவன் இல்லை. யாருக்காகவோ பழியை ஏற்கிறான். யாருக்காக? இந்த வீட்டில் இவன் யாருக்காக ஏற்பான்?

"சனிக்கிழமை சாயங்காலம் டிப்போவுக்குச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னார்.

மச்சினன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையையும் பல்லுக்காரர் குறித்துக்கொண்டார்.

சனிக்கிழமை ஒரு அவசர செட். மணமேடை ஏறப்போகும் ஒருவருக்கு முன் பல் இரண்டு. வேலையில் உட்கார்ந்தால் கதவுக்கு முதுகு காட்ட வேண்டும். ஆகவே ஒரு யுக்தி செய்தார். வாய்க்குள் விட்டுப் பார்க்கும் நீளக் காம்புக் கண்ணாடி ஒன்றை டாக்டர் ஒருவர் வேண்டாமென்று கொடுத்திருந்தார். அதை மாவு டப்பாவில் செருகி, கதவும், பலகையில் மலையின் இடது வாய்ப் பக்கமும் அதில் விழும்படி சாய்த்து வைத்தார். மெருகேற்றும்போது எப்போதும் செய்வதுபோல வண்டியை ஓடவிட்டார். மெருகு மோட்டாரைப் போட்டார். மோட்டார் உறுமியது. மேசை நடுங்கியது. அவர் பார்வை கண்ணாடியில் இருந்தது.

கீழே மனைவியின் செருப்புச் சத்தம். படியருகே வந்து நின்றது. சத்தம் திரும்பிப் போய்விட்டது.

கண்ணாடிக்குள் வண்டி மலை வாய்க்குள் நுழைந்தது. கொஞ்ச நேரம் கழித்து, நுழைந்த அதே வாயிலிருந்து முகத்தை நீட்டிக்கொண்டு வெளியே வந்தது.

கண்ணாடியில் இடம் வலமாகத்தான் தெரியும் என்று நினைத்தார் அவர். அடுத்த நொடி அதுவும் சரியில்லையே என்று பட்டது. இடம் வலமானாலும், போன வாய் போன வாய்தானே? மோட்டாரை நிறுத்திவிட்டுத் திரும்பினார். வண்டி கதவைப் பார்த்துக்கொண்டு ஸ்டேஷனைக் கடந்து போனது. அறையில் வேறு யாரும் இல்லை.

வண்டியைத் தூக்கி நேராக வைத்தார். மோட்டார் இல்லாமல் ஓடவிட்டார். சாது. மோட்டாரைப் போட்டுவிட்டு, மலையின் மேல்மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தார். மேசையின் நடுக்கம் பலகைக்கு வந்தது. குறுக்குப் பாதை பிரியும் இடத்தில், வண்டியைப் பாதை மாற்றிவிடும் தண்டவாள நாக்கு, ஸ்பிரிங் தளர்ந்துபோய், மெல்ல மெல்ல நகர்ந்தது. வண்டி வந்து, பிரியும் இடத்தில் சாய்ந்து, குறுக்கே இறங்கி, ஸ்டேஷன் பாதையில் எதிர்த் திசையில் சேர்ந்துகொண்டது. சந்துக்குள் புகுந்து வந்தவன் அதே தெருவில் வீட்டைப் பார்த்து நடப்பதுபோல. மூன்று பெட்டிகளும் வரிசை குலையாமல் பின்னாலேயே வலது வாய்க்குள் போய், இடது வாய் வழியாக வெளியே வந்தன.

அவர் முன்பு வைத்திருந்த இரண்டு தண்டவாளச் செட்டில் இப்படிப் பாதை போட்டால் இரண்டு பக்கக் கரண்டும் ஷார்ட் ஆகி வண்டி நின்றுவிடும். தப்பு உடனே தெரிந்துவிடும். இது நடுவில் உள்ள மூன்றாவது தண்டவாளத்தில் கரண்ட் ஓடும் பழைய செட். இதற்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை. மெருகேற்றும் நாள்தான் செட் கொடுக்க வெளியே போகும் நாள் என்பது மட்டும் அதுவரை அவருக்கு ஒருமுறைகூட உறைக்கவில்லை.

கீழே இறங்கி வந்தார். மனைவி மாத்திரை அட்டை ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அவன் தொடல" என்றார்.

"தெரியும்."

"அப்ப எதுக்கு ஒத்துக்கிட்டான்?"

"நான்தான் சொன்னேன், ஆமான்னு சொல்லிடுடான்னு. ராத்திரியெல்லாம் மாட்டேன்னு அழுதான். நேர்மையான பயன்னு போன் பண்றேன்னீங்களே, அதுக்காக. உண்மையைச் சொன்னா வேலை இல்ல, பொய் சொன்னாத்தான் வேலைன்னு நீங்கதானே வெச்சீங்க?"

"நீயாவது என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா என் மேலயும் சந்தேகப்பட்டு ஒரு பூட்டுப் போட்டிருப்பீங்க."

வாயெல்லாம் பல்லாகச் செய்கிற தொழில். சொந்த வாயில் சொல் வரவில்லை. ஆனாலும் உள்ளே ஒரு ஓரத்தில் பழைய புத்தி அசைந்தது: எவ்வளவு கூசாமல் பொய் சொன்னான் பார், கண் கூட இமைக்கவில்லை. அதைத் தள்ளிவிட்டு டிப்போவுக்குப் போன் போட்டார்.

"சொல்லுங்க சார், ஆள் எப்படி? பொய் சொல்றவர் இல்லையே?"

'இல்லை' என்று சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். "ஒரு தடவை சொல்லியிருக்கான். செய்யாததைச் செஞ்சேன்னு. நான் கட்டாயப்படுத்தினதால" என்றார். பிறகு இன்ஜினையும் பூட்டையும் கண்ணாடியையும் ஒன்றுவிடாமல் சொன்னார். தன் பக்கத்துக்குச் சாதகமாக எதையும் மடித்து வைக்கவில்லை.

முதலாளி கேட்டார்: "அப்ப நான் யார் மேல சந்தேகப்படறது சார்? உங்க மேலயா?"

"என் மேலதான்."

"எங்கிட்ட சரக்கு வாங்கறவர் மேல நான் எங்க சந்தேகப்படறது" என்று முதலாளி இருமலும் சிரிப்புமாக ஏதோ செய்தார். "திங்கக்கிழமை வரச்சொல்லுங்க."

மச்சினன் முன்னறையில் பையில் துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தான். ஊர்ப்பக்கம் எங்கோ ஒரு சிநேகிதனிடம் போவதாக அக்காவிடம் சொல்லியிருந்தானாம். பல்லுக்காரர் வாசலிலேயே நின்றார்.

"மாப்ளே. வண்டி தானாத் திரும்பியிருக்கு. நான் போட்ட பாதை. என் மேலதான் தப்பு."

"ம்."

"டிப்போவுக்குப் பேசிட்டேன். திங்கக்கிழமை வரச் சொன்னார்."

மச்சினன் சட்டையை மடிப்பதை நிறுத்தினான். "என்ன சொன்னீங்க அவர்கிட்ட?"

"நடந்ததைத்தான்."

"முழுசாவா?"

"முழுசா."

அவன் அத்தானின் முகத்தை அவசரமில்லாமல், அங்குலம் அங்குலமாகப் பார்த்தான். பிறகு சட்டையைப் பையிலிருந்து வெளியே எடுத்து, திங்கட்கிழமைக்காக ஆணியில் மாட்டினான்.

"சரி அத்தான். என்ன சொன்னீங்கன்னு நான் அவர்கிட்டயே கேட்டுக்கறேன்" என்றான்.