மூன்று, நான்கு, ஆறரை

பருமனும் திசையும் உள்ளது காவி, ஆங்கிலத்தில் வெக்டர், என்று பதினைந்து வருடமாக வெள்ளவத்தை ரியூசனில் கணித வகுப்பில் எழுதிப் போடுகிறேன். எங்கள் வீட்டுப் பேச்சில் காவுவது என்றால் சுமப்பது. அப்பாவின் சவப்பெட்டி வாசலில் வந்திறங்கிய காலையில்தான் இரண்டும் ஒரே சொல் என்று உறைத்தது. வேறொன்றும் உறைக்கவில்லை. அழுகைகூட வரவில்லை.

எங்கள் வீடு நான்காம் மாடி. "லிப்டுக்குள்ள போகாது மிஸ். கீழ கார் பார்க்கிலயே வச்சிடுவோம்" என்றார் மலர்ச்சாலைப் புஷ்பராஜ்.

அம்மா மேலேயிருந்து போனில் ஒரே பிடியாக நின்றார். "அவர் வீட்டுக்குள்ள வந்திட்டுத்தான் போகோணும், சுபோதினி."

அப்பா நெடிய மனிதர், பெட்டி ஏழடி. டேப்பை எடுத்து லிப்டின் அகலம், ஆழம், உயரம் அளந்தேன். மூன்று, நான்கு, ஆறரை. வர்க்கித்துக் கூட்டி மூலம் எடுத்தால் மூலைக்கு மூலை எட்டடிக்கு மேல். நிலைக்குத்தோடு முப்பத்தெட்டுப் பாகை சரித்தால் போதும். விடை வந்ததும் மனம் குளிர்ந்தது. அதை நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

சரித்தார்கள். பெட்டியின் தோள் கதவில் இடித்து நின்றது. காவிக்கு அகலம் கிடையாது என்று பிள்ளைகளுக்கு ஆயிரம் முறை சொன்னவள் நான். அப்பாவையும் ஒரு கோடாகவே வரைந்துவிட்டேன்.

"படியால காவுவம்" என்றார் பக்கத்து வீட்டு நிஸாம்.

படி வளையும் இடமெல்லாம் ஒடுக்கம். அங்கே பெட்டியை நேராக நிமிர்த்தினால்தான் திருப்பலாம். தொண்ணூறு பாகை, கிடைக்கூறு பூச்சியம். ஒவ்வொரு வளைவிலும் அப்பா எழுந்து நின்றார். உள்ளே மெல்ல ஒரு சத்தம் கேட்டது. பெட்டியைக் காவிய நால்வரும் மூச்சு வாங்கினார்கள். கரண்ட் இல்லாத நாட்களில் மரக்கறிப் பையோடு அப்பாவும் அங்கேதான் நின்று நின்று ஏறுவார். நான் பின்னால் டேப்பைப் பிடித்தபடி ஏறினேன்.

நான்காம் மாடியில் கதவு திறந்திருந்தது. அம்மா பெட்டியைப் பார்த்தார். அப்பா படியேறி இளைத்துக்கொண்டு வரும்போதெல்லாம் கேட்பதையே கேட்டார்.

"என்னப்பா, லிப்ட் வேலை செய்யேல்லையோ?"

லிப்ட் எனக்குப் பின்னால் வந்து, கதவைத் திறந்து, மூடிக்கொண்டது.

"ஓம் அம்மா" என்றேன். "பழுது."