‘வாரன்’ விடுபட்டது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு பிரஷர் குக்கரிலிருந்து வந்தது. எழுதுகிறவர் பெயர் ரஸீன் என்று வைத்துக்கொள்வோம். கண்டியில் சப்பாத்துக் கடை (செருப்பு, ஷூ விற்கிற கடை) வைத்திருக்கிறார். (“நான்” என்று எழுதினால் மனைவி பிடித்துவிடுவாள். அவள் பெயரும் கைரியா இல்லை.)

கைரியா குக்கரோடு கதைப்பாள். அது விசிலடித்தால், “மனிசர் தொழுது முடியிற வரைக்கும் வாயப் பொத்திட்டிருக்க ஏலாதா ஒனக்கு?” என்று ஏசுவாள். சின்ன விஷயத்தில்தான் இலக்கியம் இருக்கிறது என்று மேடைக்கு மேடை முழங்குகிற ரஸீன் சும்மா விடுவாரா? எழுதினார். பத்திரிகையிலும் வந்துவிட்டது. அடுத்த கல்யாண வீட்டில் பெண்களெல்லாம் கைரியாவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“தாத்தா, குக்கர் சொகமா?”

(வெளியூர் வாசகருக்கு: எங்கள் பக்கம் தாத்தா என்றால் அக்கா.)

அன்றோடு கைரியா வாயை மூடினாள். குக்கருக்கும் ஏச்சில்லை, புருஷனுக்கும் இல்லை.

2

ரஸீனின் அடுத்த கதை, தொடக்கம் ஒன்று: மூடுபனியில் மஹாவலி மெல்லக் கண்விழித்து... (வேண்டாம். அவர் ஆற்றைப் பார்த்தே மாதக்கணக்கு.)

தொடக்கம் இரண்டு: மௌனம் என்பது... (சீ, பேச்சுப்போட்டி.)

இவ்வளவு காலமும் மனைவியின் வாயை வைத்துத்தான் எழுத்தாளராக இருந்தோம் என்பது ரஸீனுக்கு அப்போதுதான் விளங்கியது. எழுத்து போனால் போகட்டும், அந்த ஏச்சுக் கேட்காமல் அவருக்குச் சோறே இறங்கவில்லை.

3

நேற்றுக் காலை கைரியா பையோடு வாசலில் நின்றாள்.

“நான் திகனக்கு, உம்மா ஊட்டுக்குப் போறன்.”

அவ்வளவுதான். “போய்ட்டு வாரன்” என்று சொல்லாமல் எங்கள் பெண்கள் பக்கத்துக் கடைக்குக்கூடப் போகமாட்டார்கள். “வாரன்” விடுபட்டதும் ரஸீன் பையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். அந்த மனுஷனோ, அடடா, என்ன வசனம் என்று சப்பாத்துப் பெட்டி மூடியில் குறித்துக்கொண்டிருந்தார்! நிமிர்ந்தபோது வாசலில் ஆளில்லை.

4

முடிவு அ: ரஸீன் மூடியைக் கிழித்தெறிந்துவிட்டுத் திகன பஸ்ஸுக்கு ஓடினார். (ஓடவில்லை. இந்தக் கதையின் இரண்டாம் பகுதியைத் திருத்திக்கொண்டிருந்தார்.)

முடிவு ஆ: கைரியா மனமிரங்கித் தானாகவே... (அவளைத் தெரியாதவர்கள் எழுதுகிற முடிவு.)

நடந்தது இதுதான். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு கைரியா ரஸீனுக்கு ஃபோன் எடுத்தாள். பின்னால் உம்மா வீட்டுக் குக்கர் விசிலடித்தது. “மனிசர் கதைக்கிறது வெளங்கல்லயா ஒனக்கு?” என்று அதற்கு ஏசினாள். ரஸீனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“இதையும் எழுதுறீங்களா?” என்று கேட்டாள். “எழுதல்லண்டு சொல்லுங்க, இப்பவே வாரன்.”

“வாரன்” என்றாள்!

“பேனையத் தொடவே இல்ல, புள்ள” என்றார் ரஸீன். பேனையை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிக்கொண்டார்.

வந்துவிட்டாள். இதோ, குசினியில் குக்கருக்கு ஏச்சு நடக்கிறது.

ஆகவே வாசகரே, முடிவு என் கையில் இல்லை. திகனப் பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரர் இருந்தால் இதைக் காட்டிவிடாதீர்கள். கல்யாண வீட்டில் அவளைக் கண்டால் ஸலாம் சொல்லுங்கள், புரியாணி சாப்பிடுங்கள். குக்கர் சொகமா என்று மட்டும் கேட்காதீர்கள்.