நல்ல கைக்கு லீவு

என் மகளின் நல்ல கையை நான் கட்டிப்போட்டேன் என்று சொன்னார்கள். அது பொய்யில்லை. இருபத்தொரு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம், காலை பத்து மணி தொடக்கம் பன்னிரண்டு மணி வரை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் காலில் போடும் வெள்ளை மேஸ் ஒன்றை அவளுடைய இடது கையில் மாட்டி, மணிக்கட்டில் நாடாவால் முடிந்து வைத்தேன். அவள் அழுதாள். நான் அவிழ்க்கவில்லை. அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செய்த வேலையும் இல்லை இது. எங்கள் லயத்தில், வரிசை வீடுகளின் முன்திண்ணையான இஸ்தோப்பில் சாக்கை விரித்து, போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்கத்தான் செய்தேன்.

ஏன் செய்தேன் என்பதை முதலிலிருந்து சொல்கிறேன்.

தனுஷியாவுக்குப் பிறவியிலேயே வலது பக்கம் சரியில்லை. வயிற்றில் இருக்கும்போதோ பிறக்கும்போதோ மூளையின் ஒரு பக்கத்துக்குக் கொஞ்ச நேரம் இரத்தம் போகவில்லை என்று டொக்டர் விளக்கினார். ஒன்றரை வயதிலிருந்து புசல்லாவையில் பஸ் ஏறி, கண்டி கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே காலுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். எப்படி நிற்க வைப்பது, குதிகாலை எப்படித் தரையில் பதிய வைப்பது, படியில் எந்தக் காலை முதலில் வைக்கச் சொல்வது என்று எனக்கும் பழக்கினார்கள். மூன்று வயதில் காலுக்கு ஒரு பிளாஸ்டிக் பட்டை போட்டு நடந்தாள். லயமே வந்து பார்த்தது. நடந்துவிட்டாளே, இனி என்ன என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வலது கையை யாரும் கவனிக்கவில்லை. அது பெருவிரலை உள்ளே வைத்து மூடிக்கொண்டு, மார்போடு ஒட்டிக் கிடந்தது. அவள் எல்லாவற்றையும் இடது கையாலேயே செய்தாள்.

போன செப்டெம்பரில் அவளை முதலாம் வகுப்புக்குப் பதியப் போனேன். அதிபர் நல்ல மனிதர்தான். பிள்ளை நன்றாகப் பேசுகிறாள், எண்ணுகிறாள், ஆனால் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேருக்கு ஒரு ஆசிரியை, ஊட்டிவிட ஆளில்லை, ஜனவரிக்குள் தானாகச் சாப்பிடப் பழகிவிட்டால் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாமாம். அடுத்த வருஷம் என்று சொல்லிச் சொல்லியே எங்கள் லயத்தில் இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தைப் பார்க்காமல் வளர்ந்துவிட்டார்கள். அந்தப் பட்டியலில் மூன்றாவது பேர் வரக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

கிளினிக்கில் இதைச் சொன்னதும் காலுக்குப் பயிற்சி கொடுத்தவர் எங்களைப் பக்கத்து அறைக்கு அனுப்பினார். அங்கே அனீஸா மிஸ் இருந்தார். கண்டிக்குப் பக்கத்துத் திகனைக்காரர்; 'இருக்கு' என்பதை 'ஈக்கி' என்பார். பிள்ளைகள் தங்கள் வேலையைத் தாங்களே செய்யப் பழக்குவதுதான் அவருடைய வேலை. உடுப்புப் போட, சாப்பிட, பென்சில் பிடிக்க. தமிழில் பேசக்கூடிய ஒருவர் கிடைத்ததே எனக்குப் பெரிய ஆறுதல். அவர் தனுஷியாவின் கையைத் தொடுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"சோறு யாரு ஊட்டுற?"

"நாங்கதான் மிஸ். நானு, அவ அத்தை."

"அஞ்சு வயசாகப் போற புள்ளைக்கா? இடக் கை நல்லாத்தானே ஈக்கி?"

இத்தனை வருஷமாக இதை யாரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. வலது கையால் அவளால் முடியாது. இடது கையால் சாப்பிட நாங்கள் விடவில்லை. அதனால் ஆள் மாற்றி ஆள் ஊட்டினோம். பாசத்தில் ஊட்டினோம் என்றுதான் எல்லோரும் நம்பினோம்.

"பீச்சாங்கையால எப்படி மிஸ் சோறு திங்க விடுறது?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "எங்க ஊட்டுலயும் விடமாட்டாங்க. ஆனா ஏலாத புள்ளைக்கு அது குத்தமில்ல. ரெண்டு கையையும் சும்மா வச்சிருக்கிறதுதான் குத்தம்."

பிறகு விளக்கினார். நல்ல கை முந்திக்கொண்டு எல்லாவற்றையும் செய்துவிடுகிறது. மற்றக் கைக்கு வேலையில்லை. வேலையில்லாத கையை மூளை மறந்துவிடும். ஆகவே தினமும் இரண்டு மணி நேரம் நல்ல கைக்கு லீவு கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் வலது கை விளையாட வேண்டும்: ரொட்டி மாவை அமுக்குவது, பலூனைத் தட்டுவது, டின் விளிம்பில் குத்திய உடுப்புக் கிளிப்பை இழுத்து எடுப்பது. மூன்று கிழமை, ஒரு நாளும் விடக்கூடாது. சாப்பாட்டு நேரத்தில் மேஸைக் கழற்றிவிட வேண்டும். இடது கை சாப்பிடும், வலது கை தட்டைப் பிடிக்கும்.

"வலக் கை சோறு அள்ளும்னு நான் வாக்குத் தரல்ல," என்றார். "தட்டைப் பிடிச்சாப் போதும். ரெண்டு கையும் சேர்ந்து ஒரு வேலை. அது வந்திச்சோ, ஸ்கூலுக்கு அனுப்புங்கோ."

நான் கொழுந்து பறிக்கும் தேயிலைத் தோட்டத்தில் மூன்று கிழமை லீவு கேட்டேன். கங்காணி முணுமுணுத்துக்கொண்டு கொடுத்தார். ஜனவரிக்குள் இன்னொரு தடவை கொடுக்க மாட்டார் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஒரு சீஆர் கொப்பி வாங்கிக் கோடு போட்டேன். திகதி, தொடங்கிய நேரம், என்ன விளையாட்டு, எத்தனை கிளிப், எத்தனை நிமிஷம் அழுதாள். முதல் நாள் கிளிப் பூஜ்யம், அழுகை ஐம்பது நிமிஷம்.

லயத்தில் பேச்சுக் கிளம்ப இரண்டு நாள்கூட ஆகவில்லை. கோபமாகப் பேசியவர்களை நான் பொருட்படுத்தவில்லை. பாராட்டிய ஒருவர்தான் எனக்கு எரிச்சல் ஊட்டினார். லயத்தின் கடைசி வீட்டில், கடைசிக் காம்பராவில் இருக்கும் அழகையா தாத்தா குடையை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார்.

"இப்பத்தான் பரிமளம் நீ பொறுப்பான தாயி. பொம்பளப் புள்ள பீச்சாங்கைக்காரியா வளரக் கூடாது. எங்கப்பன் எனக்குச் சூடே வச்சாரு."

"தாத்தா, பன்னெண்டு மணிக்கு வாங்க," என்றேன். "அதே பீச்சாங்கையாலதான் எம் மக சோறு திம்பா. நீங்களும் வந்து உக்காந்து பாருங்க."

அவர் குடையைத் தூக்கிக்கொண்டு போனார். அன்று மாலைக்குள் கதை மாறிவிட்டது. பரிமளத்துக்குப் புத்தி பிசகிவிட்டதாம். காலையில் அந்தக் கையைக் கட்டுகிறாளாம், மத்தியானம் அதே கையால் திங்கச் சொல்கிறாளாம்.

கண்டியில் கடையொன்றில் வேலை செய்யும் என் வீட்டுக்காரருக்கும் செய்தி போயிற்று. போனில் நிறுத்தச் சொன்னார். நீங்கள் இருபத்தொரு நாள் லீவு போட்டு வந்து பிள்ளையைப் பாருங்கள், அப்புறம் நிறுத்துவதைப் பற்றிப் பேசலாம் என்றேன். போனை வைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து அவரே போன் எடுத்து, இன்றைக்கு எத்தனை கிளிப் என்று மட்டும் கேட்டார்.

அவருடைய அக்கா மூக்காயி மதினிதான் எனக்குச் சிரமமாக இருந்தார். பக்கத்துக் காம்பரா. சொந்தப் பிள்ளை இல்லை. நாலு வருஷமாக மத்தியானம் கொழுந்து மலையிலிருந்து இறங்கியதும் கையைக் கழுவிக்கொண்டு நேரே தனுஷியாவிடம்தான் வருவார். தான் சாப்பிடுவதற்கு முன்னால் அவளுக்கு ஊட்டுவார். முதல் பத்து நாளும் நான் வேண்டாம் என்றதால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு தன் வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னோடு பேசவில்லை.

பதினோராம் நாள், புதன்கிழமை. பதினொன்று இருபதுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சிறுவர் விஷயங்களைப் பார்க்கும் உத்தியோகத்தர், பேர் முத்துலிங்கம். பிள்ளையைக் கட்டிவைத்துக் கொடுமை செய்வதாகப் போனில் முறைப்பாடு வந்திருக்கிறது என்றார். அவர் கண்டது இதுதான்: சாக்கின் மேல் ஒரு பிள்ளை, ஒரு கையில் கட்டு, கன்னத்தில் கண்ணீர், மூக்கு ஒழுகுகிறது, மற்றக் கை ஒரு டின்னின் விளிம்பில் தடுமாறுகிறது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அவர் அடுத்துச் சொன்னதையேதான் சொல்லியிருப்பேன்.

"அம்மா, முதல்ல அந்தக் கட்டை அவுங்க."

"அவுக்க மாட்டேன் சேர். இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இது சட்டம் சம்பந்தப்பட்ட விஷயம் என்று நிதானமாகச் சொன்னார். நானும் நிதானமாகவே சொன்னேன்: நீங்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன், எழுதிக் கேட்டால் எழுதித் தருகிறேன், ஆனால் பன்னிரண்டு மணிக்கு முன்னால் இந்த முடிச்சு அவிழாது. கிளினிக் அட்டையைக் கொடுத்தேன். மிஸ் படம் வரைந்து கொடுத்த தாளைக் கொடுத்தேன். அதில் இருந்த நம்பருக்கு அவரே எடுத்துப் பேசினார். நெடு நேரம் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, "அவங்கதான் செய்யச் சொன்னாங்களாம். சரி. ஆனா புள்ள அழுகுதே," என்றார்.

"தலை சீவினாலும் அழுவா சேர். அதுக்காக சீவாம விடுறதில்லையே. முந்தாநேத்து பதினெட்டு நிமிஷம், நேத்து பன்னெண்டு, இன்னைக்கு ஆறு. எழுதி வச்சிருக்கேன், பாருங்க."

கொப்பியை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்தார். பிறகு, முடியும் வரை இருந்து பார்க்கலாமா என்று கேட்டார். கதிரையைப் போட்டேன். அவர் பார்க்கப் பார்க்க தனுஷியா மூன்று கிளிப் எடுத்தாள். நான்காவது வரவில்லை. டின்னைக் காலால் உதைத்துத் தள்ளினாள். நான் அதை எடுத்து மறுபடியும் அவள் முன்னால் வைத்தேன். மறுபடியும் உதைத்தாள். மறுபடியும் வைத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு மேஸைக் கழற்றி, வியர்த்திருந்த உள்ளங்கையைத் துடைத்துவிட்டேன். சோறும் பருப்பும் போட்டுத் தட்டைச் சாக்குக்கு முன்னால் தரையில் வைத்தேன். வலது கையைத் தூக்கித் தட்டின் விளிம்பில் வைத்தேன். பத்து நாளாக அது வைத்த இடத்தில் வைத்த பொருள் மாதிரிக் கிடந்து, கொஞ்ச நேரத்தில் வழுக்கி மடியில் விழும். அவள் இடது கையால் அள்ளத் தொடங்கினாள். பாதி வாய்க்குள், பாதி சட்டைமேல்.

அப்போது மூக்காயி மதினி மலையிலிருந்து வந்தார். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. முத்துலிங்கம் சேர் எழுந்து, நீங்கள் யார் என்று கேட்டார்.

"நான்தான் போன் பண்ணுனேன்," என்றார் மதினி.

அவர் சேரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா? புள்ளய அழவிட்டுட்டு நீ மணிக்கூட்டப் பாக்குற. இப்ப வெளியாள் முன்னாடி பீச்சாங்கையால திங்க வச்சு அவள அசிங்கப்படுத்துற. ஏன், எனக்குக் கை இல்லையா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"நீங்க சாவுறதுக்கு முன்னாடி அவ திங்கப் பழகணும் மதினி."

சொன்ன பிறகு கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருக்கலாம் என்று பட்டது. ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

மதினி வாளியில் கையைக் கழுவினார். சாக்கில் வந்து உட்கார்ந்து, தனுஷியாவின் தட்டிலிருந்து ஒரு பிடி சோற்றை எடுத்து உருட்டி, அவள் வாய்க்கு நேரே நீட்டினார். "ஆ காட்டு தங்கம்."

நான் கையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டேன். தட்டிவிடத்தான் கை துடித்தது. ஆனால் அது நான் செய்ய வேண்டிய வேலை இல்லை.

தனுஷியா அந்த உருண்டையைப் பார்த்தாள். வாய் பழக்கத்தில் கொஞ்சம் திறந்தது, பிறகு மூடிக்கொண்டது. இடது கை நிறையச் சோறு. அதைக் கீழே போட அவளுக்கு மனமில்லை. அத்தையின் கை மறுபடியும் தட்டுக்கு வந்தால் என்ன செய்வது? மிச்சம் இருந்தது ஒரு கைதான். அந்தக் கையின் பெருவிரல் முதலில் வெளியே வந்தது. மற்ற விரல்கள் ஒவ்வொன்றாகத் தகரத் தட்டின் விளிம்பைத் தேடி மடங்கின. முழங்கை பின்னால் போயிற்று. தட்டு சிமெந்துத் தரையில் கீறிக்கொண்டு, பருப்பைச் சிந்திக்கொண்டு, அரை முழத் தூரம் அவள் வயிற்றுப் பக்கம் நகர்ந்தது.

"என்னுது அத்தே," என்றாள்.

நீட்டிய உருண்டை நீட்டியபடியே இருந்தது. கடைசியில் மதினி அதைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டு மென்றார்.

"பருப்புல உப்பு இல்ல," என்றார்.

சேர் கிளினிக்கிலிருந்து ஒரு கடிதம் வேண்டும், பைலில் போட வேண்டும் என்றார். தருகிறேன் என்றேன். இருபத்தோராம் நாள் திரும்ப வந்து பார்ப்பதாகச் சொன்னார். பன்னிரண்டு மணிக்கு வராதீர்கள், பத்து மணிக்கே வாருங்கள், முழுவதையும் பாருங்கள் என்றேன். சரி என்று மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

மதினி மலைக்குத் திரும்பப் போகும்போது என் பக்கம் திரும்பாமலே கேட்டார். "இன்னும் எத்தனை நாளு இந்தக் கூத்து?"

"பத்து நாள்."

"அந்தப் பத்து நாளும் நான் மத்தியானம் இந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டேன். நீயே வச்சு அழு."

"வரணும் மதினி. கட்டாயம் வரணும்," என்றேன். "நான் பத்து நாளா அந்தக் கையத் தூக்கி வச்சும் அது தட்டைப் பிடிக்கல. நீங்க கை நீட்டுனாத்தான் இழுக்குறா."

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு வந்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார். கையைக் கழுவினார், உட்கார்ந்தார், தட்டுக்குக் கை நீட்டினார்.