கண்ணுச்சாமியின் துருத்தி

போன வருசம் கண்ணுச்சாமி ஓட்டிய ரேஸ் வண்டி, எஞ்சின் சூட்டிலேயே பற்றிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் அவன் கடைசியாகக் கேட்டது தண்ணீர்தான். வாங்கிவரப் போன தங்கச்சி பாண்டிமீனா திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இப்போது அவள் புருசன் பால்பாண்டி காளவாசல் பட்டறையில் தானே ஒரு வண்டி கட்டியிருக்கிறான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வழி சொல்லப்போகிறவள் அவள்தான். இன்னொரு ஆளையும் நெருப்புக்குக் கொடுக்க அவளால் ஆகாது. அவள் வாய் ஓயாததால் அவனும் புகைக்குழாய்க்குச் சூடு தாங்கும் துணி சுற்றினான். காற்று போக பானெட்டில் மீன் செவுள் மாதிரி வெட்டினான். சூடு காட்டும் முள் அப்படியும் சிவப்புக்கே போனது.

கடைசியில் பரணிலிருந்து கண்ணுச்சாமியின் துருத்தியை இறக்கினான். சித்திரையில் அழகர் குளிரத் தண்ணீர் பீய்ச்சுகிற ஆட்டுத்தோல் பை. அதன் பித்தளை மூக்கில் ரப்பர் குழாயை மாட்டி, ரேடியேட்டர் முன்னால் கொண்டுபோய் விட்டான்.

“சாமிக்கு அடிச்சத வண்டிக்கு அடிக்கிறீகளே மாமா!”

“அழகருக்கு மட்டுந்தான் வேர்க்குமா? சூடு ஏறுனா அமுக்கு புள்ள.”

அலங்காநல்லூர் தாண்டி, வறண்ட கண்மாய்க்குள் உச்சி வெயிலில் வெள்ளோட்டம் விரட்டினான். முள் ஏறியது. பையைக் கக்கத்தில் வைத்து அமுக்கினாள். இறங்கியது.

“அடி சக்கை! எம்புட்டு எறங்குது பாரு! போதும், விடு.”

அவள் எப்போதோ விட்டிருந்தாள். மடியில் கிடந்த பை தானாகச் சுருங்கியது, விரிந்தது, தூங்குகிறவன் நெஞ்சு மாதிரி.

“நிப்பாட்டுங்க மாமா.”

பானெட்டைத் தூக்கினால், உள்ளே மார்கழி விடியல் போல ஈரம் சொட்டியது. தொட்ட விரல் விறைத்தது.

“தண்ணி நல்லாத்தான் ரொப்பியிருக்க.”

“நானா? நீங்க ரொப்பலயா?”

அழகருக்கு நேர்ந்துகொண்டவன் துருத்தியை அவனேதான் நிரப்ப வேண்டும் என்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம். அதனால் அவள் தொடவில்லை. கூடப்பிறந்தவள் நிரப்பட்டும் என்று அவனும் விட்டுவிட்டான்.

பையின் வாயைப் பிரித்தாள். உள்தோல் காய்ந்து மொறுமொறுத்தது. காய்ச்சல்காரன் மூச்சு போல அனல் முகத்தில் அடித்தது. எஞ்சின் சூடு அத்தனையும் உள்ளே இருந்தது.

“அண்ணே…”

தண்ணீர் கேனைத் திறந்து பைக்குள் ஊற்றினாள். பை மடக் மடக்கென்று குடித்தது. ஒவ்வொரு மடக்குக்கும் வண்டிக்குள் இரும்பு டிக் டிக்கென்று சூடேறியது. சாவி போடாமலே முள் நகர்ந்தது.

பால்பாண்டி அவள் கையைப் பிடித்தான். “ஊத்தாத மீனா! மச்சான் தாகம் தீந்துட்டா வண்டி ஆறாது. ஞாயித்துக்கெழம ரேஸு.”

“அதுக்காக எங்கண்ணன் நாவறண்டே கெடக்கணுமா? ரேஸும் வேணாம், இந்த வண்டியும் வேணாம். நீங்க இருந்தாப் போதும்.”

அவன் பையைப் பார்த்தான். கையை விட்டான். இன்னொரு கேனை அவனே தூக்கி ஊற்றினான்.

பை நிறைந்து கனத்தது. நீளமாய் ஒரு மூச்சு கேட்டது. வண்டியிலிருந்து அனல் வீசவே, இருவரும் கருவேல நிழலுக்கு ஒதுங்கினார்கள்.

வெடித்த கண்மாய் மண்ணில், வண்டியிலிருந்து அழகர்மலைப் பக்கமாக, ஈரக் காலடிகள் போயிருந்தன. அவர்கள் பார்க்கப் பார்க்கவே ஒவ்வொன்றாகக் காய்ந்தன.