இருநூற்றிருபது அடித் தண்ணீர்

லவன் வீட்டுக்கு யார் போனாலும், சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிமிர்வதற்குள் கையில் ஒரு கிளாஸ் தண்ணீர் வந்துவிடும்.

"குடிச்சுப் பாருங்கோ. இருநூற்றிருபது அடி ஆழத்துத் தண்ணி. குளோரின் மணக்குதோ எண்டு சொல்லுங்கோ" என்பான். வந்தவர் குடித்து முடித்துத் தலையாட்டும்வரை நகரமாட்டான்.

நகரத்தின் கிழக்கு ஓரமான ரூஜ் பக்கத்தில், நகராட்சித் தண்ணீர்க் குழாய்கள் முடிகிற இடத்துக்கு அப்பால், ஒரு சோளவயலை ஒட்டி இருந்தது அந்த வீடு. மூன்று வருடங்களுக்கு முன் அவனும் மனைவி நிருஜாவும் ஸ்காபரோ அடுக்குமாடியை விட்டு அங்கே குடிபோனார்கள். வேலை நகரத்தின் மறுகோடியில், மிசிசாகாவில், விமானச் சரக்குக் கிடங்கில். போய்வருவதற்குள் நாளில் மூன்று மணித்தியாலம் காரிலேயே போய்விடும். ஆனாலும் வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்து முகம் கழுவினால் அலுப்பெல்லாம் போய்விடுகிறது என்று சொல்லித் திரிந்தான்.

வீட்டின் பக்கவாட்டில் முழங்கால் உயரத்துக்கு ஓர் இரும்புக் குழாய் துருப்பிடித்து நின்றது. அதுதான் அந்தக் குழாய்க்கிணற்றின் வாய். வருகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது அந்தத் துருதான் என்று நிருஜா ஒருநாள் குறைப்பட்டாள். அடுத்த வசந்தத்தில் லவன் குழாயைச் சுற்றிப் பலகை அடித்து, மண் நிரப்பி, பக்கத்துப் பண்ணையில் கிடந்த மாட்டெருவை ஏற்றிவந்து கொட்டிப் பாத்தி கட்டினான். குழாயும் அதன் மூடியும் மண்ணுக்குள் மறைந்துபோயின. அந்தப் பாத்தியில் பயிற்றை காய்த்த காய்ப்பை அவன் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பினான்.

கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிப்பதற்கென்று சுகாதாரப் பிரிவில் இலவசமாகப் போத்தல் கொடுப்பார்கள். வந்த புதிதில் லவனும் ஒன்றை வாங்கி வந்திருந்தான். அது குசினி அலுமாரியில் தேயிலைப் பேணிக்குப் பின்னால் கிடந்தது. நிருஜா இரண்டு தடவை ஞாபகப்படுத்தினாள்.

"இந்த ஆழத்துக்கு எந்தக் கிருமியப்பா இறங்கும்?" என்று அவன் சிரித்தான். பிறகு அவளும் விட்டுவிட்டாள்.

சென்ற மே மாத நீண்ட வார இறுதிக்கு முன் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தது. வெள்ளிக்கிழமை காலை குழாயில் தண்ணீர் பால் விடாத தேநீர் நிறத்தில் வந்தது. லவன் இருபது நிமிடம் திறந்துவிட்டான். தெளிந்துவிட்டது. மூடிவிட்டு வேலைக்குப் போனான்.

சனிக்கிழமை அவனுடைய தங்கை நிலாணி மகள் அட்சயாவைக் கொண்டுவந்து விட்டாள். நிலாணி முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை பார்ப்பவள். கணவன் பிரிந்துபோன பிறகு அவளுக்கு இருப்பது அந்த ஐந்து வயதுப் பிள்ளையும் அண்ணனும்தான். லவனுக்கும் நிருஜாவுக்கும் பிள்ளைகள் இல்லை. அட்சயா வந்தால் வீடு வேறு வீடாகிவிடும். மூன்று நாளும் அவள் புல்வெளியில் ஓடி ஓடி வியர்த்து வந்து குழாயடியில் நின்றாள். லவன் கிளாஸை நிரப்பி நிரப்பிக் கொடுத்தான்.

"மாமா, இட்ஸ் ஸோ கோல்ட்!" என்று கூவிவிட்டு மறுபடி நீட்டினாள்.

செவ்வாய்க்கிழமை லவனுக்கும் நிருஜாவுக்கும் வயிறு சரியில்லை. கடைச் சாப்பாட்டின் மேல் பழியைப் போட்டார்கள். புதன்கிழமை அட்சயாவுக்கு வயிற்றோட்டம். வெள்ளிக்கிழமை அதில் இரத்தம் வந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை பிள்ளையின் முகம் வீங்கி, சிறுநீர் நின்றுபோனது. நகரத்துக்குள் இருக்கும் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்து, இரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தில் போட்டார்கள். மாட்டுச் சாணத்திலிருந்து வரும் ஒருவகைக் கிருமி, சரியாக வேகாத இறைச்சியிலோ அழுக்கான தண்ணீரிலோ வந்திருக்கலாம், அதன் நஞ்சு சிறுநீரகங்களைத் தாக்கிவிட்டது என்றார் டொக்டர்.

நிலாணிக்கு உடனே நினைவுக்கு வந்தது பள்ளிக்கூட விழாதான். அந்த வார இறுதிக்கு முதல்நாள், வெள்ளிக்கிழமை பின்னேரம், பள்ளிக்கூடத்தில் மாட்டிறைச்சிப் பேகர் சுட்டுக் கொடுத்தார்கள்.

"இறைச்சி உள்ளுக்கை கொஞ்சம் சிவப்பாய்க் கிடந்தது, அண்ணா. நான் கண்டனான். கண்டும் பிய்ச்சுப் பிய்ச்சு அவளின்ர வாயில தீத்திவிட்டனே" என்று ஆஸ்பத்திரி நடையில் தலையில் அடித்துக்கொண்டாள். லவன் அவள் கையைப் பிடித்துத் தடுத்தான். அப்போது அவனும் அதைத்தான் நம்பினான்.

மறுநாள் வேலையிடத்துக்கு நிலாணியின் அழைப்பு வந்தது.

"அண்ணா, சுகாதாரப் பிரிவிலயிருந்து ஒரு நேர்ஸ் லைன்ல நிக்கிறா. பிள்ளை எங்க எங்க தண்ணி குடிச்சதெண்டு கேக்கிறா. உங்கட கிணறு ரெஸ்ற் பண்ணினது தானே?"

"ஓம் ஓம், பண்ணினது. ஒரு பிரச்சினையுமில்லை."

அந்தப் பதில் அவன் யோசிக்குமுன் வாயில் வந்துவிட்டது. பரிசோதிக்காத தண்ணீரையா ஊருக்கெல்லாம் கொடுத்தேன் என்ற வெட்கம்தான் அப்படிச் சொல்ல வைத்தது. அன்று பின்னேரமே அலுமாரிப் போத்தலை எடுத்துப் பார்த்தான். காலம் கடந்திருந்தது. புதிதாக ஒன்று வாங்கி, நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

இரண்டாம் நாள் தொலைபேசியில் முடிவு சொன்னார்கள். தண்ணீரில் மலக்கிருமி. கொதிக்க வைக்காமல் ஒரு சொட்டும் குடிக்க வேண்டாம்.

கிணறு திருத்தும் மாக்கஸ் என்ற மனிதர் மறுநாளே வந்தார். பயிற்றங் கன்றுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மண்ணை வாரினார். எருவுக்கடியில் கிணற்று மூடி வெடித்துக் கிடந்தது. வெடிப்பால் மண்புழு ஒன்று உள்ளே தொங்கியது. மாக்கஸ் குந்தியிருந்து நெடுநேரம் அதையே பார்த்தார். அடியில் இருக்கிற தண்ணீரில் ஒரு குறையும் இல்லை, மேலே இருக்கிற இந்த ஒரு முழம்தான் எல்லாம் என்றார். குழாய் நிலத்துக்கு மேலே நிற்பது மழைவெள்ளம் உள்ளே இறங்காமல் இருக்கத்தான், அதைப் புதைத்தது யார் என்று கேட்டார்.

"நான்" என்றான் லவன்.

சிறுபிள்ளைகள் யாராவது இந்தத் தண்ணீரைக் குடித்தார்களா என்று மாக்கஸ் அடுத்துக் கேட்டார். லவன் வீட்டுக்குள் போய்விட்டான்.

நிருஜா குசினியில் நின்றாள். யன்னலால் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

"குழாயை மறைக்கச் சொன்னது நானெல்லோ" என்றாள்.

"மூடினது நான்."

"நிலாணிக்குச் சொல்லவேணும்."

"பிள்ளை கொஞ்சம் தேறட்டும். இப்ப சொன்னா அவள் தாங்கமாட்டாள்."

நிருஜா மறுக்கவில்லை. அவளுக்கும் பயம்தான்.

பிள்ளை தேறவில்லை. ஒவ்வொரு நாளும் வேலை முடிய லவன் ஆஸ்பத்திரிக்குப் போனான். அட்சயாவின் கழுத்தில் குழாய் ஏற்றியிருந்தார்கள். தண்ணீர் அளந்துதான் கொடுக்கலாம், நாளுக்கு அரைக் கிளாஸ். "மாமா, ப்ளீஸ், கொஞ்சம்" என்று அவள் கெஞ்சும்போது அவன் வெளியே வந்துவிடுவான். நிலாணி சாப்பிடுவதை விட்டிருந்தாள். தன் கையை முகத்துக்கு நேரே பிடித்து, "இந்தக் கையாலதான் தீத்தினனான்" என்று ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்கும் ஒவ்வொரு தடவையும் வாய் திறக்க வேண்டும் என்று லவன் நினைப்பான். நாளைக்கு என்று ஒத்திப்போடுவான். ஒத்திப்போட்ட ஒவ்வொரு நாளும் மறுநாள் சொல்வதை இன்னும் கடினமாக்கியது. நேற்றே ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கும் அவன் பதில் தேட வேண்டியிருந்தது.

இப்படிப் பதினொரு நாள் போயிற்று.

பதினோராம் நாள் நிலாணி அவனை ஆஸ்பத்திரிச் சிற்றுண்டிச்சாலைக்குக் கூட்டிப்போனாள். கையில் மடிகணினி இருந்தது. கண்கள் காய்ந்து, முகம் இறுகியிருந்தது.

"அண்ணா, பள்ளிக்கூட போர்ட்டுக்கு ஒரு கொம்ப்ளெயின்ற் எழுதித் தாங்கோ. உங்களுக்குத்தான் இங்கிலீஷ் வடிவா வரும். அந்தப் பேகர் சுட்டது செலீன் எண்டு ஒரு தாய். அட்சயான்ர வகுப்புப் பிள்ளையின்ர அம்மா. நேற்று போனடிச்சு நல்லாக் குடுத்தன். என்ர பிள்ளையைக் கொல்லப் பாத்தனீ எண்டு கத்தினன். அவ அழுதா. அழட்டும்."

லவன் கணினியைத் திறந்தான். திகதியை எழுதினான். 'மதிப்புக்குரியவர்களுக்கு' என்று எழுதினான். நிலாணி சொல்லச் சொல்ல இரண்டு வரி வந்தது. செலீனின் பெயரில் முதல் எழுத்தைத் தட்டியபோது விரல் நின்றுவிட்டது.

"எழுதுங்கோவன்" என்றாள்.

"நிலா, அது பேகர் இல்லையடி."

"என்ன?"

"என்ர கிணறு. தண்ணீல கிருமி. நான் ரெஸ்ற் பண்ணினதெண்டு சொன்னது பொய். பிறகுதான் பண்ணினனான்."

அவள் அவனை விளங்காதவள்போலப் பார்த்தாள். பக்கத்து மேசையில் யாரோ சூப்பை ஊதி ஊதிக் குடித்தார்கள்.

"எப்ப தெரியும்?"

அவன் கணினித் திரையைப் பார்த்தான்.

"எப்ப தெரியுமெண்டு கேட்டனான்."

"பதினொரு நாள்."

நிலாணி உதட்டை அசைத்து ஏதோ கணக்குப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "தண்ணி தெரியாமல் நடந்தது. அதை நான் விளங்கிக்கொள்ளுவன். ஆனா பதினொரு நாளா நான் என்ர கையை வெட்டி எறியவேணும்போல இருந்தனான். நீ பக்கத்திலயிருந்து பாத்துக்கொண்டிருந்தனி."

அவள் அவனை 'நீ' என்றது அதுதான் முதல் தடவை.

பிறகு தொலைபேசியை எடுத்து, அவன் முன்னாலேயே செலீனை அழைத்தாள். உடைந்த ஆங்கிலத்தில் மன்னிக்கச் சொன்னாள். மறுமுனை என்ன சொன்னதோ, "நோ, நோ, மை பிறதர்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். கணினியை மூடி எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இனி மேல, பிள்ளையிட்ட வரவேண்டாம்" என்றாள். லிப்ட் இருந்த பக்கம் நடந்தாள். லவன் பின்னால் போகவில்லை.

அன்றே சுகாதாரப் பிரிவை அழைத்து நடந்ததையெல்லாம் சொன்னான். எதிர்முனையில் இருந்த பெண் கோபப்படவில்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, தகவலுக்கு நன்றி என்றாள்.

மாக்கஸ் குழாயை உயர்த்திப் புது மூடி போட்டு, கிணற்றுக்குக் குளோரின் ஊற்றி, இரண்டு நாள் இறைத்துவிட்டார். அடுத்தடுத்து மூன்று தடவை பரிசோதித்ததில் முடிவு பூச்சியம் என்று வந்தது. நிருஜா அதைக் குளிக்கவும் உடுப்புத் தோய்க்கவும் மட்டும் எடுத்தாள். வீட்டுக்கு யாரும் வருவதில்லை. செய்தி எல்லோருக்கும் போயிருந்தது.

அட்சயாவை ஏழு கிழமைக்குப் பிறகு வீட்டுக்கு விட்டார்கள். சிறுநீரகங்கள் திரும்பவில்லை. கிழமையில் மூன்று நாள் இயந்திரத்துக்கு வரவேண்டும். லவன் தன்னுடைய சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்கக் கேட்டு, பெயர் பதிந்து, பரிசோதனைக்குப் போனான். அவனுக்கே இரத்தத்தில் சீனி கூடிய வருத்தம் இருப்பதாக அங்கேதான் தெரியவந்தது. எடுக்க முடியாது என்று கடிதம் அனுப்பினார்கள். நிலாணியின் இரத்தமும் நிருஜாவின் இரத்தமும் பொருந்தவில்லை. பிள்ளையின் பெயர் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறது.

இப்போது புதன்கிழமைகளில் லவன் லீவு எடுத்து நிருஜாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறான். அவள் உப்பில்லாமல் சமைத்த சோறும் கறியும் எடுத்துக்கொண்டு மேலே போவாள். நிலாணி மச்சாளை மறிப்பதில்லை. அவன் நிலத்தடி வாகனத் தரிப்பிடத்தில் காருக்குள் இருப்பான்.

சென்ற புதன்கிழமை நிருஜா இறங்கி வந்து கதவைச் சாத்தினாள். பெல்ற்றை இழுத்துப் பிடித்தபடி, பூட்டாமல் இருந்தாள்.

"மாமா ஏன் வாறேல்லையெண்டு பிள்ளை கேட்டவள்" என்றாள்.

"நிலா என்ன சொன்னவள்?"

"மாமாவுக்குச் சரியான வேலை, பாவம், லீவு குடுக்கிறாங்கள் இல்லை எண்டு."

லவன் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி இருந்தான். அவர்களுடைய இடத்துக்காகப் பின்னால் ஒரு கார் காத்து நின்றது. அது இரண்டாம் தடவை ஹோர்ன் அடித்த பிறகுதான் அவன் திறப்பைத் திருப்பிக் காரை எடுத்தான்.