சுருக்கமில்லாத கட்டில்

குளியலறைத் துண்டுகளை அவள் மூன்றாக மடித்துக் கம்பியில் போட்டபோதே நான் தடுத்திருக்க வேண்டும். அன்று என் மனைவிக்குப் பிறந்தநாள். இருநூறு வருடத்துக்கு முன் யாரோ ஒரு பிரபு கட்டிய மாளிகை, இப்போது யார் வேண்டுமானாலும் தங்கலாம். இரண்டு இரவுக்கு எடுத்திருந்தேன். அவள் வேலை பார்ப்பதும் ஒரு ஹோட்டலில்தான். ஒரு நாளைக்குப் பதினாலு அறை சுத்தம் செய்கிறாள். மாதக் கடைசியோடு இந்த நாட்டை விட்டு நம் ஊருக்கே போய்விடுகிறேன், நீங்கள் வேண்டுமானால் இருங்கள் என்று போன வாரம் சொல்லிவிட்டாள். இன்னும் ஒரே ஒரு வருடம் பொறுத்துக்கொள் என்று கேட்கத்தான் இங்கே கூட்டி வந்தேன். என்ன முடிவாயிற்று என்று அக்கா காலையிலேயே இரண்டு தடவை போன் செய்துவிட்டாள்.

சாப்பிட்டுவிட்டுத் தோட்டத்தைச் சுற்றினோம். வெட்டி வெட்டி உருண்டையாக்கிய செடிகள், மூக்கு உடைந்த சிலைகள். கேட்க வேண்டியதை மனதுக்குள் நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் ஜன்னல்களை எண்ணிக்கொண்டு வந்தாள்.

"நூத்திப் பன்னெண்டு. இத்தனையும் யாரு தொடைக்கிறாங்களோ, பாவம்."

திரும்பி வந்தால் எங்கள் அறைக்கதவு திறந்து கிடக்கிறது. உள்ளே வயதான கணவனும் மனைவியும் கோட்டைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் பெட்டி கீழே வரவேற்பறையில்.

மேற்பார்வைக்காரி ஓடி வந்தாள். சுத்தம் செய்ய வந்த பெண் பார்த்திருக்கிறாள்: விரிப்பில் ஒரு சுருக்கமில்லை, குப்பைக்கூடை காலி, பெட்டி கீழே கொண்டுபோகத் தயாராகக் கதவோரம். ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டார்கள், வேறு யாரோ அறையைத் தயார் செய்தும்விட்டார்கள் என்று கீழே சொல்லிவிட்டாளாம். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு, எல்லாம் தன் வேலைதான் என்று தனக்குத் தெரிந்த அளவு அந்த நாட்டுப் பாஷையில் ஒத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணைத் திட்டிவிட வேண்டாம் என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டாள்.

பதிலுக்கு மாடியில் பெரிய அறை கொடுத்தார்கள். நாலு பேர் உருளலாம், அப்படி ஒரு கட்டில். அவள் அதன் பக்கத்திலேயே நின்றாள்.

"உக்காரேன்."

"கலைஞ்சிடும்."

"கலையட்டுமே. நீயா திரும்பப் போடப் போற?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. "நேத்துலேருந்து முழுங்கிட்டே இருக்கீங்க. இன்னும் ஒரு வருஷம், அதானே? கேட்டீங்கன்னா சரின்னுடுவேன். அதான் பயமா இருக்கு."

நான் ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாகப் படுத்தாள். அசதி, உடனே தூங்கிப்போனாள். தூக்கத்திலும் அவள் கை விரிப்பைத் தடவித் தடவி நேராக்கிக்கொண்டிருந்தது. அதன் மேல் என் கையை வைத்தேன். கொஞ்ச நேரம் என் கைக்கு அடியிலும் அது அசைந்தது.