கையெழுத்துக்கு உள்ளே வரவும்

அன்று வீட்டில் இருந்தவர்கள்: என் மருமகள் மங்கலம், பேத்தி வெண்மதி, லூர்துசாமியாகிய நான். வாசலில், பைக்கை விட்டு இறங்காமல், ஊராட்சித் துணைத்தலைவர் கலியமூர்த்தி. வேறு யாரும் இல்லை. நேரில் பார்த்ததாகச் சொல்பவர்கள் பார்க்கவில்லை.

மங்கலம் ஊராட்சித் தலைவர். கீரப்பாளையம் பக்கத்தில், எங்கள் காலனியிலிருந்து அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆள். ஆனாலும் துணைத்தலைவர் ஹாரன் அடிப்பார். தலைவர் தெருவுக்குப் போய், பைக் சீட்டில் தாளை வைத்துக் கையெழுத்துப் போடுவாள். மேலத்தெருக்காரர்கள் காலனி வீட்டுக்குள் கால் வைப்பதில்லை. அதுதான் வழக்கம். தெருவில் நின்று கையெழுத்துப் போட வேண்டிய குடும்பம் அல்ல எங்களுடையது.

அன்றும் ஹாரன் அடித்தது. மங்கலம் எழுந்திருக்கவில்லை.

“மங்கலம், சீக்கிரம் வா. மோட்டார் எரிஞ்சி மூணு நாளாவுது. மேலத்தெருவுல குடிக்கத் தண்ணி இல்ல. புதுசு வாங்க நீ கையெழுத்துப் போட்டாத்தான் ஆவும்.”

“தெரியும்ணே. உள்ள வாங்க. மேசையில வெச்சிப் போட்டுத் தரேன்.”

“எப்பவும் இங்கதான போடுவ?”

“இனிமே இங்கதாண்ணே.”

“இன்னா லூர்து, ஒம் மருமவளுக்கு எடுத்துச் சொல்லேன்.”

அவருக்கு என் மகன் வயது. “தலைவர் சொல்லிட்டாங்க, தம்பி” என்றேன்.

வெயிலில் கொஞ்ச நேரம் நின்றார். தண்ணீர் எப்போது வரும் என்று அவர் மனைவி போனில் கத்தியது எங்களுக்கே கேட்டது. தெருவை முன்னும் பின்னும் பார்த்துவிட்டுச் செருப்போடு உள்ளே வந்தார். நான் செருப்பைப் பார்த்தேன். வெளியே போய்க் கழற்றிவிட்டு வந்தார்.

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். எதிர்ச்சுவரில் வெண்மதி ஒட்டிய படம். கண்ணாடி போட்ட ஒரு கறுப்பினப் பெண்.

“யாரு இது? ஒங்க சொந்தமா?”

“ஷெர்லி சிஷோம். அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு ஜெயிச்சிப் போன மொதல் கறுப்பினப் பொம்பள” என்றாள் வெண்மதி. சிதம்பரத்தில் அரசியல் படிக்கிறாள். “ஜனாதிபதி ஆவறதுக்கும் போட்டி போட்டாங்க.”

“ஆனாளா?”

“இல்ல. விடல.”

அவர் முகம் சற்றுத் தெளிந்தது.

“சொந்தந்தாண்ணே” என்றாள் மங்கலம், கையெழுத்துப் போட்டுக்கொண்டே.

கலியமூர்த்தியை உட்காரவைத்து வலுக்கட்டாயமாக டீ குடிக்கவைத்தோம் என்று மேலத்தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. அன்று எங்கள் வீட்டில் டீ போடவே இல்லை. அவர் குடித்தது எங்கள் அடிபம்புத் தண்ணீர். இரண்டாவது சொம்பும் அவராகத்தான் கேட்டார்.